தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த தளத்துக்கு எந்தக் கம்போனன்ட் ஃபிரேம்வொர்க்? எந்த வசதிகள் உண்மையில் தேவை?

பொங்கோல்வாசி:

அனைவருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படித்து உதவுங்கள்.

நாங்கள் சிங்கப்பூரில் ஒரு சின்னத் தமிழ் நாடகக் குழு. வார இறுதிகளில் சமூக மன்றங்களில் பிள்ளைகளுக்குப் பயிலரங்கு நடத்துகிறோம். ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்துவிட்டால் மூச்சுவிட நேரம் இருக்காது. எங்கள் இணையத்தளத்தைப் பல வருடத்துக்கு முன் ஒரு நண்பர் பிஎச்பியில் எழுதிக்கொடுத்தார். இப்போது ஏறக்குறைய 60 பக்கம், பாதி தமிழ், பாதி ஆங்கிலம். மேலே வரும் பட்டை, கீழே வரும் தொடர்பு விவரம், நடுவில் வரும் நிகழ்ச்சி அட்டை (படம், தலைப்பு, நாள், இடம், பதிவுப் பொத்தான்) எல்லாமே ஒவ்வொரு பக்கத்திலும் வெட்டி ஒட்டியவை.

போன ஏப்ரலில் ஒரு பயிலரங்கின் இடம் கடைசி வாரத்தில் மாறியது. நான் ஐந்து பக்கங்களில் திருத்தினேன், ஆங்கில முகப்பில் ஆறாவதாக ஒன்று இருந்ததைக் கவனிக்கவில்லை. நான்கு குடும்பங்கள் பழைய இடத்துக்குப் போய்ப் பூட்டிய கதவின் முன்னால் நின்றார்கள். அன்றைக்கு நல்ல மழை. ஒரு பிள்ளை வீட்டிலேயே வேடம் போட்டுக்கொண்டு வந்திருந்தாள், டாக்சியில் எங்கள் இடத்துக்கு வந்து சேர்வதற்குள் முகத்து மை எல்லாம் வழிந்துவிட்டது. அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. இனி இப்படி நடக்கக் கூடாது.

கம்போனன்ட் முறையில், அதாவது பக்கத்தை மறுபடி மறுபடி பயன்படுத்தும் சின்னத் துண்டுகளாக எழுதினால், ஒரு இடத்தில் மாற்றினால் போதும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் அதற்கான ஃபிரேம்வொர்க், அதாவது தளம் கட்டத் தயாராகக் கிடைக்கும் சட்டகம், எது என்று கேட்டால் ரியாக்ட், வியூ, ஆங்குலர், ஸ்வெல்ட் என்று நான்கு பக்கமும் இழுக்கிறார்கள். எங்களிடம் இருப்பது மூன்று பேர். நான் (பகலில் கிடங்கு வேலை, பிஎச்பி ஓரளவு தெரியும்), ஒரு பாலிடெக்னிக் மாணவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர். எழுத்து முழுவதும் ஆசிரியைதான், அவருக்குக் கோடிங் தெரியாது. மாணவர் தேசிய சேவைக்குப் போனால் அடுத்தவர் வரவேண்டும்.

என் கேள்வி இதுதான்: இந்த ஃபிரேம்வொர்க்குகளில் உள்ள வசதிகளில் எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையில் எது தேவை, எதை விட்டுவிடலாம்? மாடுலர் என்று சொல்கிறார்களே, அதற்கு நடைமுறையில் என்ன பொருள்?

---

கோப்பி ஓ கொசோங்:

பிஎச்பி தெரியும் என்கிறீர்களே, அதிலேயே இன்க்ளூட் என்று ஒன்று இருக்கிறது. மேல்பட்டையையும் கீழ்ப்பட்டையையும் இரண்டு தனிக் கோப்பில் போட்டு எல்லாப் பக்கத்திலும் இழுத்துக்கொள்ளுங்கள். அட்டைக்கு ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. மாற்றுவதற்கு முன்னால் இதை யோசித்துவிட்டுப் போங்கள், புதிய ஃபிரேம்வொர்க் என்றால் அதைப் பராமரிக்கிற வேலையும் சேர்ந்து வரும்.

---

ஜூரோங்கிழக்கு:

மேலே சொன்னவர் சொல்வது சரியான பேச்சு, அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும், இதைத்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

உங்கள் இடம் மாறிய கதைக்கு மருந்து கம்போனன்ட் இல்லை. நாளைக்கே அழகான அட்டைக் கம்போனன்ட் ஒன்றை எழுதி, ஆறு பக்கத்தில் அதைக் கூப்பிட்டு, ஒவ்வொரு இடத்திலும் இடத்தின் பெயரைக் கையால் கொடுத்தால், அடுத்த ஏப்ரலில் அதே தவறு அப்படியே நடக்கும். கம்போனன்ட் தோற்றத்தை ஒரே இடத்தில் வைக்கிறது. தகவலை ஒரே இடத்தில் வைப்பது தனி வேலை. நிகழ்ச்சிக்கு ஒரு கோப்பு, அதில் தமிழ்த் தலைப்பு, ஆங்கிலத் தலைப்பு, நாள், இடம். எல்லா அட்டையும் அந்தக் கோப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். இதை முடிவு செய்துவிட்டால் எந்த ஃபிரேம்வொர்க் என்பது பாதி கேள்வியாகிவிடும்.

இப்போது வசதிகள். கம்போனன்ட் என்பதை ஒரு சாம்பார் டிபன்காரியர் அடுக்கு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடுக்கும் தனியாகக் கழற்றலாம், கழுவலாம், மாற்றலாம், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு விளிம்பு இருந்தால்தான் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். அந்த விளிம்புதான் முக்கியம். விளிம்பில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து உள்ளே வரும் மதிப்புகள் பிராப். உள்ளே நடந்ததை வெளியில் சொல்வது ஈவன்ட் அல்லது கால்பேக். வெளியில் இருப்பவர் தன் உள்ளடக்கத்தை அப்படியே கொண்டுவந்து வைப்பதற்கு விடப்படும் காலி இடம் ஸ்லாட், ரியாக்டில் அதைச் சில்ட்ரன் என்பார்கள். பிராப் கீழ்நோக்கி மட்டும் போகும், குழந்தைக் கம்போனன்ட் (உள்ளே இருப்பது) பெற்றோரின் (அதைக் கூப்பிடும் வெளிக் கம்போனன்டின்) மதிப்பைத் தானே மாற்றக் கூடாது. இந்த ஒருவழிப் பாதையை மதித்தால், எங்கே தவறு நடந்தது என்று தேடுவது சுலபம்.

ரியாக்ட் 2013இல் ஃபேஸ்புக் வெளியிட்டது. அது ஒரு லைப்ரரிதான், அதாவது எடுத்துப் பயன்படுத்தும் கோட் தொகுப்பு, முழு ஃபிரேம்வொர்க் இல்லை. எழுதுவது எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன், 2019இல் ஹுக்ஸ் (ஃபங்ஷனுக்குள்ளேயே மாறும் மதிப்பை வைத்துக்கொள்ளும் வழி) வந்ததிலிருந்து கிளாஸ் என்ற பழைய முறையில் எழுதுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பக்கங்களுக்கு இடையே போக ரவுட்டர், ஸ்டைலைப் பிரித்து வைக்க ஒரு வழி, இதெல்லாம் நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்களுக்குச் சுதந்திரம், புதிதாக வருபவருக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு முடிவு.

வியூ 2014இல் எவன் யூ வெளியிட்டது. அதன் ஒரே கோப்பு முறை எனக்கு மிகவும் பிடித்தது: டெம்ப்ளேட், ஸ்கிரிப்ட், ஸ்டைல் மூன்றும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து. ஸ்டைலில் ஸ்கோப்டு என்று ஒரு சொல் சேர்த்தால் அந்த அட்டையின் நிறம் வேறு பக்கத்துக்குக் கசியாது. சாதாரண எச்டிஎம்எல் பார்த்துப் பழகியவர் திறந்தால் பயப்பட மாட்டார். உங்கள் குழுவுக்கு இது பெரிய வசதி. ஒரே எச்சரிக்கை, வியூ 2க்கான ஆதரவு 2023 டிசம்பர் 31உடன் முடிந்தது. இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்களில் பாதி இன்னும் 2ஆம் பதிப்பைத்தான் சொல்லிக்கொடுக்கின்றன, மாணவர் அதில் போய்ச் சிக்கிவிடக் கூடாது.

ஸ்வெல்ட் வேறு வழி. நீங்கள் எழுதுவதை முன்கூட்டியே கம்பைல் செய்து சின்ன ஜாவாஸ்கிரிப்டாக மாற்றிவிடுகிறது, உலாவியில் தனியாகப் பெரிய இயந்திரம் ஓட வேண்டியதில்லை. படிக்க அழகாக இருக்கும். 2024 அக்டோபரில் வந்த 5ஆம் பதிப்பில் ரூன்ஸ் என்று எழுதும் முறையையே மாற்றினார்கள், ஆகவே அங்கேயும் பழைய பாடம் புதிய பாடம் குழப்பம் உண்டு.

ஆங்குலர் பற்றி அதில் வேலை செய்பவர் யாராவது சொல்லட்டும், நான் விட்டுப் பல வருடம் ஆகிறது.

---

இரவுஷிப்ட்:

நான் சொல்கிறேன், தினமும் ஆங்குலரில்தான் சாப்பிடுகிறேன்.

ஆங்குலர் எல்லாம் சேர்ந்த வீடு மாதிரி. ரவுட்டர், படிவம், சர்வரோடு பேசும் பகுதி, மொழிபெயர்ப்பு, ஒரு பகுதிக்குத் தேவையானதைக் கொண்டுவந்து கொடுக்கும் டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் எல்லாம் உள்ளேயே வரும், மதிப்பின் வகையைக் குறித்து எழுதும் ஜாவாஸ்கிரிப்டான டைப்ஸ்கிரிப்ட் கட்டாயம். முன்பு எல்லாக் கம்போனன்டையும் என்ஜிமாடியூல் என்ற மூட்டையில் கட்ட வேண்டும், புதிதாக வருபவர்கள் அங்கேயே நொந்துபோவார்கள். 2022 நவம்பரில் வந்த 15ஆம் பதிப்பில் ஸ்டாண்ட்அலோன் கம்போனன்ட் நிலைபெற்றது, 19இல் அதுவே இயல்பாகிவிட்டது. இப்போது ஒரு கம்போனன்ட் தனக்கு என்ன தேவை என்று தானே சொல்லிக்கொள்கிறது. 40 பேர் ஒரே திட்டத்தில் வேலை செய்யும்போது, யார் எழுதினாலும் ஒரே மாதிரி இருக்கும் என்பதற்காகவே இதை நான் மதிக்கிறேன். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய பதிப்பு வரும், மூன்று தொண்டூழியர்கள் அதன் பின்னால் ஓட முடியாது. ஆகவே நான் நேசிக்கும் ஆங்குலரை உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

நான் சொல்ல வந்தது வேறு. மாடுலர் என்றால் எல்லாவற்றையும் உடைப்பது என்று நினைத்துவிடாதீர்கள். முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் அட்டை என்று ஒரு கம்போனன்ட் இருந்தது. முதலில் படம், தலைப்பு என்று இரண்டு பிராப். ஒரு குழுவுக்குப் படம் இடப்பக்கம் வேண்டும், ஒரு பிராப். இன்னொரு குழுவுக்கு விலை காட்ட வேண்டும், இன்னொரு பிராப். விலையை மறைக்க ஒன்று, விலைக்குக் கோடு போட ஒன்று. நான் போய்ச் சேர்ந்தபோது 31 பிராப் இருந்தன, அவற்றில் எந்த இரண்டு சேர்ந்தால் எது உடையும் என்று யாருக்கும் தெரியாது. எல்லாரும் பயன்படுத்துவதால் யாரும் கை வைக்க மாட்டார்கள். கடைசியில் ஆளாளுக்கு அதைப் படியெடுத்துத் தங்கள் அட்டையை எழுதிக்கொண்டார்கள். வெட்டி ஒட்டுவதை நிறுத்த வந்த கம்போனன்டே மறுபடி வெட்டி ஒட்ட வைத்தது.

அதைச் சரிசெய்தது ஸ்லாட்தான். அட்டை என்பது வெறும் பெட்டி, ஓரம், இடைவெளி, நிழல் மட்டும் அதன் பொறுப்பு. உள்ளே விலை வருமா நாள் வருமா என்பது அதைக் கூப்பிடுபவர் பாடு. அதன்மேல் நிகழ்ச்சி அட்டை, ஆள் அட்டை என்று தனித்தனியாகச் சின்னக் கம்போனன்ட் எழுதினோம். பிராப் மூன்று நான்குக்கு மேல் போகவில்லை.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். இரண்டு இடங்கள் பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன என்பதற்காக ஒன்றாக்க மாட்டேன். இரண்டும் ஒரே காரணத்துக்காக மாறுமா என்று கேட்பேன். உங்கள் நிகழ்ச்சி அட்டையும் நடிகர் அறிமுக அட்டையும் இன்று ஒரே மாதிரி தெரியலாம். நிகழ்ச்சி அட்டையில் நாளைக்கு "இடம் நிறைந்தது" என்று வரும், நடிகர் அட்டையில் அது வராது. அவற்றைப் பிரித்தே வையுங்கள். ஒரு முறை வெட்டி ஒட்டினாலும் பரவாயில்லை, மூன்றாவது முறை வரும்போது யோசித்துக்கொள்ளலாம்.

---

எழுத்துருக் காதலி:

வணக்கம். ஃபிரேம்வொர்க் பற்றிப் பலரும் சொல்லிவிட்டீர்கள். நான் பல வருடமாகத் தமிழ் இடைமுகங்கள் செய்கிறேன். கம்போனன்டை உடைப்பது பெரும்பாலும் தமிழ் எழுத்துத்தான், அதாவது ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதிய கம்போனன்டுக்குள் தமிழை ஊற்றுவது. பொங்கோல்வாசித் தம்பி, இதை ஆரம்பத்திலேயே கவனித்துவிடுங்கள்.

முதலில் வேற்றுமை உருபு. அட்டையில் "இங்கே நடைபெறும்" என்று காட்ட, இடம் என்ற பிராப்பை வாங்கி அதன் பின்னால் "இல் நடைபெறும்" என்று ஒட்டினால் என்ன ஆகும்? பொங்கோலில் என்று வர வேண்டியது "பொங்கோல்இல்" என்று வரும். தேக்காவில் என்று வர வேண்டியது "தேக்காஇல்". இந்திய மரபுடைமை நிலையத்தில் என்று வர வேண்டியது "நிலையம்இல்". ஆங்கிலத்தில் இடத்தின் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லைப் போட்டால் முடிந்தது, பெயர் மாறாது. தமிழில் பெயரே உருமாறுகிறது: மன்றம் மன்றத்தில் ஆகும், வீடு வீட்டில் ஆகும். இதற்கு விதி எழுதப் போகாதீர்கள், நான் போய் இரண்டு மாதம் இழந்தேன். கம்போனன்டில் வாக்கியம் கட்டாமல் "இடம்: தேக்கா", "நாள்: சனிக்கிழமை" என்று பெயரும் மதிப்புமாக வையுங்கள். வாக்கியம் கட்டாயம் வேண்டும் என்றால் முழு வாக்கியத்தையும் ஆசிரியை நிகழ்ச்சிக் கோப்பில் எழுதட்டும்.

எண்ணிக்கையும் இதே மாதிரி. "1 இடங்கள் உள்ளன" என்று வந்தால் பார்க்க அசிங்கம். உலாவியிலேயே பன்மை விதி தெரிந்த வசதி இருக்கிறது, தமிழுக்கு ஒருமை, பன்மை என்று இரண்டு வகை. இரண்டு வாக்கியம் எழுதி அதன்படி தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது, எழுத்தை எண்ணுவது. "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால் 5 என்று சொல்லும். நமக்கு அது மூன்று எழுத்து. "பொங்கோல்" நமக்கு நான்கு, அதற்கு எட்டு. தலைப்பு நீளமாக இருந்தால் வெட்டிப் புள்ளி வைக்கும் கம்போனன்ட் ஒன்றை யாராவது எழுதுவார்கள், அது 7இல் வெட்டினால் "பொங்கோல" என்று ஒற்றுப்புள்ளி போய்விடும், 5இல் வெட்டினால் "பொங்க" ஆகிவிடும். நம் ஊர்ப் பெயர் அடுப்பில் பொங்கப் போய்விடும், அர்த்தமே வேறு. வெட்டும் வேலையைத் தோற்றத்தைக் கவனிக்கும் சிஎஸ்எஸ்ஸிடம் விடுங்கள், வரி எண்ணிக்கையை வைத்து அது வெட்டிக்கொள்ளும். படிவத்தில் எழுத்து எண்ணிக்கை காட்ட வேண்டும் என்றால் இன்ட்டல் செக்மென்ட்டர் என்ற வசதி இருக்கிறது, 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்ததிலிருந்து முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் கிடைக்கிறது. அது தமிழ் என்பதை 3 என்று சரியாகச் சொல்லும். ஸ்ரீ போன்ற ஒருசில எழுத்துகளை மட்டும் இரண்டாக எண்ணும், அதை விட்டுவிடலாம்.

மூன்றாவது, இடம். "ரெஜிஸ்டர்" என்ற அகலத்துக்குப் பொத்தானை அளந்து வைத்தால் "பதிவுசெய்க" அடுத்த வரிக்கு இறங்கும். எந்த அகலத்தையும் உயரத்தையும் பிக்சலில் கட்டிப்போடாதீர்கள். கம்போனன்ட் எழுதியதும் முதலில் "உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம்" என்று போட்டுக் கைப்பேசி அகலத்தில் பாருங்கள், அது தாங்கினால் எல்லாம் தாங்கும். வரி இடைவெளியும் முக்கியம். ஆங்கிலத் தலைப்புக்கு 1.2 போதும், தமிழில் மேலே புள்ளியும் சுழியும் கீழே ஊகாரக் காலும் இருப்பதால் முட்டிக்கொள்ளும். நான் தலைப்புக்கு 1.4, பத்திக்கு 1.7 வைப்பேன். தலைப்பை வேறுபடுத்திக்காட்ட எல்லாம் பெரிய எழுத்து என்று ஆங்கில வடிவமைப்பில் செய்வார்கள், தமிழில் அப்படி ஒன்றே இல்லை, ஆகவே அளவிலும் தடிமனிலும்தான் வித்தியாசம் காட்ட வேண்டும். சாய்வெழுத்தும் வேண்டாம், பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் இல்லை, உலாவி தானே வளைத்துக் கோணலாகக் காட்டும்.

பக்கத்தின் மொழிக்குறியைத் தமிழ்ப் பக்கத்தில் தமிழ் என்று சரியாக வையுங்கள். அதை வைத்துத்தான் பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் எந்தக் குரலில் படிப்பது என்று முடிவு செய்கிறது. ஆங்கிலப் பக்கத்துக்குள் தமிழ்த் தலைப்பு ஒன்று வந்தால் அந்தத் தலைப்புக்கு மட்டும் குறி வைக்கலாம், அட்டைக் கம்போனன்டில் மொழி என்று ஒரு பிராப் இருந்தால் இது தானாக நடக்கும். நான் எழுதும் எல்லாக் கம்போனன்டிலும் அது முதல் பிராப்.

---

ஜூரோங்கிழக்கு:

அக்கா, அந்த வேற்றுமை உருபு விஷயத்துக்கு நன்றி, இத்தனை வருடத்தில் எந்த ஆவணத்திலும் நான் படிக்காதது.

---

மெக்பர்சன் மாடிப்படி:

வேறு ஒரு கோணம். நாடகக் குழுவின் தளத்தில் 60 பக்கம் இருந்தாலும் அசையும் பகுதி எது? பதிவுப் படிவம் ஒன்றுதான், மற்றதெல்லாம் படிக்கும் பக்கம். அதற்கு முழு ரியாக்ட் செயலியைக் கைப்பேசிக்கு அனுப்புவது தேவையில்லாத சுமை.

ஆஸ்ட்ரோ என்று ஒன்று இருக்கிறது, 2022 ஆகஸ்ட்டில் 1.0 வந்தது. அதில் கம்போனன்ட் எழுதுவீர்கள், பில்ட் செய்யும்போது, அதாவது தளத்தை வெளியிடத் தயார் செய்யும்போது, அது வெறும் எச்டிஎம்எல் ஆகிவிடும், நீங்கள் கேட்டால் ஒழிய உலாவிக்கு ஜாவாஸ்கிரிப்ட் போகாது. படிவம் மாதிரி அசையும் பகுதியை மட்டும் தீவு என்று குறித்து, அதை வியூவிலோ ரியாக்டிலோ ஸ்வெல்ட்டிலோ எழுதலாம். திரையில் கண்ணில் பட்ட பிறகு உயிர்ப்பித்தால் போதும் என்றும் சொல்லலாம். உங்களுக்குப் பிறகு வரும் மாணவருக்கு ரியாக்ட்தான் தெரியும் என்றால் அந்தத் தீவை அவர் ரியாக்டில் எழுதட்டும், மற்ற 59 பக்கம் அப்படியே இருக்கும்.

உங்கள் கதைக்கு இதைவிட முக்கியம், அதில் கன்டென்ட் கலெக்‌ஷன் என்ற வசதி. நிகழ்ச்சிக்கு ஒரு கோப்பு, ஒவ்வொரு கோப்பிலும் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு வரையறை. தமிழ்த் தலைப்பு கட்டாயம், ஆங்கிலத் தலைப்பு கட்டாயம், இடம் கட்டாயம், நாள் என்பது உண்மையான தேதியாக இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் பில்ட் நின்றுவிடும், எந்தக் கோப்பில் எது இல்லை என்று சொல்லும். ஜூரோங்கிழக்கு சொன்ன தகவலை ஒரே இடத்தில் வைப்பது இங்கே கருவியோடே வருகிறது.

கேள்வியில் இல்லாத ஐந்தாவது வழியையும் சொல்லிவிடுகிறேன், வெப் கம்போனன்ட். எந்த ஃபிரேம்வொர்க்கும் இல்லாமல் உலாவியே புரிந்துகொள்ளும் சொந்தக் குறிச்சொற்கள், பெயரில் ஒரு இணைகோடு இருந்தாக வேண்டும். நம் அரசாங்கத் தளங்களுக்கான வடிவமைப்பு முறை, எஸ்ஜிடிஎஸ், இந்த வழியில்தான் கம்போனன்டுகளைக் கொடுக்கிறது. ஒரு அமைச்சு ஆங்குலரில் எழுதலாம், இன்னொன்று ரியாக்டில் எழுதலாம், பொத்தானும் மேல்பட்டையும் எல்லா இடத்திலும் ஒன்றாகவே இருக்கும். பல குழுக்கள், பல கருவிகள் என்றால் இது அருமையான தீர்வு. (அரசாங்கத் தளம் என்று சொல்லும் அந்த மேல்பட்டையை மட்டும் நீங்கள் எடுத்து வைக்கக் கூடாது, அது அரசாங்கத் தளங்களுக்கு மட்டும்.) ஷேடோ டாம் என்ற தடுப்பு இருப்பதால் வெளி ஸ்டைல் உள்ளே நுழையாது, ஆனால் எழுத்துரு, வரி இடைவெளி, நிறம் போன்றவை வழிவழியாக உள்ளே இறங்கும். அதனால் அக்கா சொன்ன 1.7ஐப் பக்கத்தின் வேரில் வைத்தாலே போதும், உள்ளே வேறு இடைவெளியைக் கட்டிப்போடாதவரை. ஒரே தளம், மூன்று பேர் என்றால் இந்த வழி உங்களுக்குத் தேவைப்படாது என்பது என் கணிப்பு.

---

பொங்கோல்வாசி:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வார இறுதி உட்கார்ந்து செய்து பார்த்தேன், அதைச் சொல்லிவிட்டு இன்னொரு கேள்வி கேட்கிறேன்.

முதலில் நிகழ்ச்சிகளைப் பக்கங்களிலிருந்து பிரித்தேன். 22 நிகழ்ச்சி, 22 கோப்பு. இந்த வேலையிலேயே மூன்று நிகழ்ச்சியில் தமிழ்ப் பக்கத்தின் நேரமும் ஆங்கிலப் பக்கத்தின் நேரமும் வேறு வேறாக இருந்ததைக் கண்டுபிடித்தேன். எத்தனை பேர் அரைமணி தாமதமாக வந்திருப்பார்களோ. அப்புறம் ஆஸ்ட்ரோவில் மாணவரும் நானும் சேர்ந்து அட்டை எழுதினோம். வேண்டுமென்றே ஒரு கோப்பில் இடத்தை அழித்துவிட்டு பில்ட் செய்தேன். நின்றது. இந்தக் கோப்பில் இடம் இல்லை என்று சொன்னது. அந்தச் சிவப்பு வரியைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது, இது போன ஏப்ரலில் இருந்திருந்தால் என்று.

எழுத்துருக் காதலி அக்கா, நீங்கள் சொன்ன உருபு ஒட்டும் இடம் எங்கள் பழைய தளத்தில் மூன்று இருந்தது. ஆசிரியை பல வருடமாக அதைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறார், கணினி அப்படித்தான் எழுதும் என்று நினைத்து எங்களிடம் சொல்லவே இல்லை.

இப்போது கேள்வி. பதிவுப் படிவத்தை வியூவில் தீவாக எழுதினோம். பெற்றோர் தமிழ்ப் பக்கத்தில் பாதி நிரப்பிவிட்டு, புரியவில்லை என்று மேலே ஆங்கிலத்தை அழுத்தினால் எழுதியதெல்லாம் போய்விடுகிறது. இன்னொன்று, மீதமுள்ள இடங்களின் எண்ணிக்கை அட்டையில் ஒன்று, படிவத்தில் ஒன்று காட்டுகிறது. இந்த ஸ்டேட்டை, அதாவது பயன்படுத்தும்போது மாறும் மதிப்புகளை, எங்கே வைப்பது?

---

இரவுஷிப்ட்:

இரண்டும் வேறு வேறு நோய்.

மொழி மாற்றினால் எழுதியது போவதற்குக் காரணம், அது வேறு பக்கத்துக்குப் போகும் இணைப்பு. புதிய பக்கம் என்றால் கம்போனன்ட் புதிதாகப் பிறக்கிறது, பழைய நினைவு இருக்காது. படிவத்துக்கு மட்டும் இரண்டு மொழிச் சொற்களையும் உள்ளேயே வைத்து, படிவத்தின் தலையில் தனி மொழிப் பொத்தான் வையுங்கள். பெயர், வயது, தொலைபேசி எல்லாம் படிவக் கம்போனன்டிலேயே இருக்க, மொழி மட்டும் மாறும், ஒன்றும் அழியாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு கட்டமும் தன் மதிப்பைத் தானே வைத்திருக்கக் கூடாது, மேலே படிவத்தில் வைத்துக் கீழே பிராப்பாக இறக்குங்கள், மாறினால் ஈவன்ட்டாக மேலே ஏற்றுங்கள். இதற்குப் பினியா போன்ற, மதிப்புகளை ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் தனி ஸ்டோர் எதுவும் வேண்டாம், ஒரு படிவத்துக்கு அது அதிகம்.

எழுதியதை உலாவியில் சேமித்து வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். நூலகக் கணினியிலிருந்து பதிவு செய்யும் பெற்றோர்களும் இருப்பார்கள், பிள்ளையின் விவரம் அங்கே தங்கிவிடக் கூடாது. அதனால் சேமிக்காதீர்கள். படிவத்தில் அடையாள அட்டை எண் கேட்கிறீர்களா? கேட்டால் இன்றே எடுத்துவிடுங்கள். சட்டம் கேட்டால் ஒழிய, அல்லது ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்யும் தேவை இருந்தால் ஒழிய நிறுவனங்கள் அந்த எண்ணைச் சேகரிக்கக் கூடாது என்ற வழிகாட்டி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பயிலரங்குக்குப் பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் போதும்.

மீதமுள்ள இடம் எத்தனை என்பது கம்போனன்டின் ஸ்டேட்டே இல்லை, அது சர்வரின் உண்மை. பில்ட் செய்த நேரத்தில் இருந்த எண் அட்டையில் உறைந்துவிடுகிறது, படிவம் இப்போது கேட்டு வாங்குகிறது, அதனால்தான் இரண்டும் ஒத்துப்போகவில்லை. அட்டையிலிருந்து எண்ணை எடுத்துவிடுங்கள். படிவத்தில் காட்டும் எண்கூட ஒரு தகவல்தான். கடைசி ஒரு இடத்துக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால், யாருக்கு என்று சர்வர்தான் தீர்மானிக்க வேண்டும்.

---

எழுத்துருக் காதலி:

படிவத்தில் பெயர்க் கட்டத்தைச் சோதிக்கும்போது ஆங்கில எழுத்து மட்டும் ஏற்கும் விதி எதுவும் வைத்துவிடாதீர்கள். தமிழில் பெயர் எழுதும் தாத்தா பாட்டிகள் இருப்பார்கள். பெயரை முதல் பெயர், குடும்பப் பெயர் என்று பிரிக்கவும் வேண்டாம், நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலையெழுத்துத்தான். ஒரே கட்டம், "முழுப் பெயர்".

---

பொங்கோல்வாசி:

அடையாள அட்டை எண் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம், நேற்று இரவே எடுத்துவிட்டேன். பழைய பட்டியல்களில் இருந்ததையும் அழித்தாயிற்று. பெயர்க் கட்டம் ஒன்றாகிவிட்டது. மொழிப் பொத்தானைப் படிவத்துக்குள் கொண்டுவந்து பார்த்தேன், எழுதியது அப்படியே நிற்கிறது. அட்டையில் எண்ணிக்கையை எடுத்துவிட்டோம்.

சனிக்கிழமை ஆசிரியையிடம் ஒரு நிகழ்ச்சிக் கோப்பைக் கொடுத்து அவரே திருத்தச் சொல்லப் போகிறேன், பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்க்கப் போகிறேன். எங்கே தடுமாறுகிறார் என்று குறித்துக்கொண்டு வந்து இங்கே எழுதுகிறேன்.